இணைய எழுத்து வகுப்பில் பின்னூட்டம் பழுதானால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நான் நடத்தும் தமிழ் எழுத்து வகுப்பின் ஏற்பாடு எளிமையானது. ஆளுக்கொரு கதையோ கட்டுரையோ எழுதிக் கூகுள் டாக்ஸில் ஏற்ற வேண்டும். சக மாணவர்கள் மூவர் அதைப் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜூமில் கூடிப் பேசுவோம். 2020 ஊரடங்கில் தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொரண்டோ என்று ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். எழுதச் சொல்லிக்கொடுப்பதைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டேன். அடுத்தவர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்லச் சொல்லிக்கொடுப்பதுதான் இன்றுவரை பெரும்பாடாக இருக்கிறது.

இப்படி ஒரு வகுப்பை நடத்துபவருக்கும் அதில் இருப்பவருக்கும் பயன்படட்டும் என்று, நான் பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். போகுமுன் ஒன்று மட்டும். எந்த இடத்தில், படித்தவருக்கு என்ன நேர்ந்தது என்கிற இரண்டும் இல்லாத பின்னூட்டம் எந்த வடிவில் வந்தாலும் வேலை செய்யாது. கீழே உள்ளவற்றில் பாதிக் கோளாறு, இந்த இரண்டில் ஒன்று விடுபட்டதால் வருவது. மீதிப் பாதி, மனிதர்கள் மனிதர்களாக இருப்பதால் வருவது.

அறிகுறி: "அருமை", "சிறப்பு", கைகூப்பும் பொம்மை, அதற்கு மேல் ஒன்றுமில்லை

எல்லா வகுப்பிலும் முதல் மாதம் வரும் கோளாறு இது. சோம்பல்தான் காரணம் என்று தொடக்கத்தில் நினைத்தேன். விசாரித்துப் பார்த்தபோது மூன்று வெவ்வேறு காரணங்கள் தெரிந்தன. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் காரணம் மரியாதை. இருபத்திரண்டு வயதுப் பெண், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியரின் கதையைப் படிக்க வேண்டியிருக்கிறது. "ஐயா எழுத்தில் நான் சொல்ல என்ன இருக்கிறது, படித்து மகிழ்ந்தேன்" என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடுகிறாள். அவளிடம் "தைரியமாகச் சொல்லம்மா" என்று நான் சொல்லிப் பயனில்லை. மூத்தவர்தான் கதவைத் திறந்துவிட வேண்டும். இப்போதெல்லாம் படைப்பின் தலைப்பில் எழுதியவரே மூன்று கேள்விகளை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தமிழாசிரியர் எழுதிய கேள்விகளில் ஒன்று: "இரண்டாம் பக்கத்தில் கிணற்றடிக் காட்சி நீள்கிறதா? எந்த வரியில் கண் தாவியது?" இப்போது அந்தப் பெண் விமர்சிக்கவில்லை, ஐயா கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. "நான்காவது வரியிலிருந்து நேராக வாளி விழும் இடத்துக்குப் போய்விட்டேன் ஐயா" என்று எழுதினாள். அவர் ஆறு வரிகளை வெட்டினார்.

இரண்டாவது காரணம், சரியாகப் படிக்காமல் இருப்பது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கதையில் இருந்து ஒரு வரியையாவது எடுத்துக்காட்டாமல் எழுதிய பின்னூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது காரணம்தான் சிக்கலானது. படித்திருக்கிறார், எங்கோ இடறுகிறது என்றும் தெரிகிறது, ஆனால் அதைச் சொல்ல வார்த்தை இல்லை. ஒரு கதையின் ஒரு பத்தியைப் பாருங்கள்:

"மாமி வந்தபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் எதுவும் பேசவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது."

இதற்கு வந்த முதல் பின்னூட்டம், "ஏதோ தெளிவில்லாமல் இருக்கிறது". எழுதியவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பால் பொங்குவதை விளக்கி இன்னும் இரண்டு வரி சேர்த்தார். கோளாறு அங்கே இல்லை. அதே நபரை ஜூமில் பிடித்து, "எந்தச் சொல்லில் நின்றீர்கள்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூன்றாவது வாக்கியத்து 'அவள்' மாமி என்று நினைத்துத்தான் படித்தேன். அடுத்த பத்தியில் மருமகள் என்று தெரிந்தது. திரும்ப மேலே போய் வந்தேன்." இதுதான் பின்னூட்டம். "தெளிவில்லை" என்பதற்குள் இவ்வளவு தகவல் முடங்கிக் கிடந்தது. ஒரு "அவள்" இருந்த இடத்தில் "மருமகள்" என்று போட்டதும் பத்தி நிமிர்ந்துகொண்டது.

சொல்ல வார்த்தை இல்லாதவர்களுக்கு நான் கொடுக்கும் பட்டியல் எண்ணூறு ஆண்டுப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்து என்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். குன்றக் கூறல் என்பது தேவையானதைவிடக் குறைவாகச் சொல்வது. மிகைபடக் கூறல், கூறியது கூறல் இரண்டுக்கும் விளக்கம் வேண்டாம். மாறுகொளக் கூறல் என்றால் முன் சொன்னதற்கு முரணாகச் சொல்வது. இரண்டாம் பக்கத்தில் இறந்துபோன தாத்தா ஐந்தாம் பக்கத்தில் வெற்றிலை கேட்பது இந்த வகை. வழூஉச்சொல் புணர்த்தல், பிழையான சொல்லைச் சேர்ப்பது. மயங்க வைத்தல், மேலே பார்த்த "அவள்". வெற்றெனத் தொடுத்தல், சொல்லடுக்கு இருந்தும் பொருள் இல்லாமல் இருப்பது. மற்றொன்று விரித்தல், சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை வளர்த்திக்கொண்டு போவது. சென்று தேய்ந்து இறுதல், போகப் போக மெலிந்து முடிவது. நின்று பயன் இன்மை, சொல் அங்கே நிற்கிறது, வேலை எதுவும் செய்வதில்லை.

இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இலக்கண நூலுக்கும் பாடநூலுக்கும் சொன்ன விதியைச் சிறுகதையில் ஏற்றுகிறீர்களே என்று ஒரு மாணவர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். கதையில் வேண்டுமென்றே மயங்க வைக்கலாம், கூறியதையே கூறி அழவும் வைக்கலாம். நான் இவற்றை விதிகளாகக் கொடுப்பதில்லை. இடறலுக்குப் பெயர் கிடைத்தால் அதைச் சொல்ல வாய் வருகிறது, அதற்காகத்தான் கொடுக்கிறேன். அனுபவத்தில் மிகுதியாகப் பயன்படுவது ஒன்பதாவது. இணைய வகுப்புக் கதைகளில் பாதி, சமர்ப்பிக்கும் நாள் நெருங்க நெருங்கத் தேய்ந்து முடிகின்றன. "மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு தேய்கிறது" என்று ஒருவர் எழுதினால் எழுதியவருக்கு உடனே புரிந்துவிடும். அன்றைக்கு இரவு பதினொரு மணி ஆகியிருக்கும்.

அறிகுறி: நாற்பது ஓரக்குறிப்பு, நாற்பதும் ஒற்றுப்பிழை

வல்லினம் எங்கே மிகும் என்று தெரிந்தவர் குழுவில் ஒருவர் இருந்தால் போதும், பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிடுவார். அவருடைய உழைப்பு உண்மையானது. ஆனால் எழுதியவருக்கு நாற்பது குறிப்புகளைத் திறந்து மூடியே கை ஓய்ந்துவிடும். கதையின் நடுவில் ஒரு காட்சியே காணாமல் போயிருக்கிறது என்ற ஒரே முக்கியமான செய்தியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாளை வெட்டப்போகும் பத்திக்கு இன்றைக்கு ஒற்றுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

முதல் படிக்கு, அதாவது முதல் வரைவுக்கு, எழுத்துப்பிழைக் குறிப்பே கூடாது என்று சொல்லிவிடுங்கள். இரண்டாம் படி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், எழுதியவரே நாவி, வாணி போன்ற இலவசக் கருவிகளில் ஒரு முறை போட்டு எடுத்துவிட வேண்டும். சந்திப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி. இரண்டும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது, ஆனால் நாற்பதைப் பத்தாக்கிவிடும். எஞ்சியவற்றில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் முதல் இடத்தில் மட்டும் குறித்துவிட்டு, "இதேபோல் இன்னும் ஏழு இடம் இருக்கிறது, நீங்களே தேடிப் பாருங்கள்" என்று எழுதச் சொல்லுங்கள். தேடிக் கண்டுபிடித்தவர் அடுத்த கதையில் அதைச் செய்வதில்லை.

ஒற்றுப்பிழை பார்ப்பவரின் ஆர்வத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள். தொகுப்பு அச்சுக்குப் போகும்போது அவரைத் தேடுவீர்கள்.

அறிகுறி: திருத்தி வந்த படியில் என் குரலே இல்லை

ஒருவர் உற்சாகத்தில் கோப்புக்குள் இறங்கி வாக்கியங்களை மாற்றி எழுதிவிட்டார். எது தான் எழுதியது, எது அவர் எழுதியது என்று எழுதியவருக்கே தெரியவில்லை. இதில் பாதி கருவிக் கோளாறு, பாதி ஆள் கோளாறு.

கருவிக் கோளாறுக்கு இரண்டு நிமிடம் போதும். கூகுள் டாக்ஸில் பகிரும்போது "திருத்துபவர்" என்ற உரிமையைக் கொடுத்திருப்பீர்கள், அதை "கருத்துரைப்பவர்" என்று மாற்றுங்கள். அதன் பிறகு அவர் எதைத் தட்டினாலும் அது பரிந்துரையாக வண்ணத்தில் தெரியும், நீங்கள் ஏற்றால்தான் உள்ளே போகும். ஏற்கெனவே மாறிவிட்டதா? கோப்பு மெனுவில் பதிப்பு வரலாறு இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம், யார் மாற்றினார் என்று காட்டும், பழைய பதிப்பை மீட்டுவிடலாம். ஒரு மாணவி இரண்டு நாள் அழுதுவிட்டு என்னிடம் வந்தார், மீட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து முதல் வகுப்பிலேயே இந்த மெனுவைத் திறந்து காட்டிவிடுகிறேன்.

ஆள் கோளாறு அப்படித் தீராது. நன்றாக எழுதுபவர்கள்தான் இதைச் செய்வார்கள். அவர்களுக்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது: ஒரு படைப்பில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி எழுதிக் காட்டலாம், அதையும் ஓரத்தில்தான் எழுத வேண்டும், உள்ளே தொடக்கூடாது. ஒன்றுதான் என்றால் எதை எடுப்பது என்று யோசிப்பார்கள். யோசித்து எடுத்த அந்த ஒன்றில் எழுதியவருக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

அறிகுறி: கோப்பைத் திறந்தால் எழுத்தே தெரியவில்லை, அல்லது நேற்று இருந்த குறிப்பு இன்று இல்லை

சட்டென்று முடியும் விஷயங்கள். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வருகிறது என்றால், எழுதியவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் இன்னும் பழக்கத்தில் இருக்கிறது, அச்சுக்கூடத்தோடு தொடர்புள்ளவர்களிடம் கூடுதலாக இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டு ஒருங்குறி (யூனிகோட்) ஆக்கி ஏற்றச் சொல்லுங்கள். பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால் பல கைப்பேசிகளில் ஓரக்குறிப்பு எழுத வழியில்லாமல் போகும், வாங்கிக்கொள்ளாதீர்கள்.

குறிப்பு காணாமல் போனது என்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குறிப்பு ஒட்டியிருந்த வரியையே அழித்திருப்பார்கள். வரி போனால் குறிப்பும் ஓரத்திலிருந்து மறைந்துவிடும். எல்லாக் கருத்துகளையும் காட்டும் பட்டியலைத் திறந்தால் அங்கே இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் வந்த பின்னூட்டம் தொலைந்தால் மட்டும் என்னைக் கேட்காதீர்கள். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பின்னூட்டம் எழுத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வாட்ஸ்அப் நினைவூட்டலுக்கு மட்டும்.

அறிகுறி: "இது தமிழே இல்லை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் வகுப்பை விட்டுப் போகப் பார்க்கிறார்

யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர், "இருவரும் வெகுநேரம் கதைத்தார்கள்" என்று எழுதியிருந்தார். மதுரைக்காரர் ஓரத்தில், "கதைவிட்டார்கள் என்று சொல்ல வருகிறீர்களா? பேசினார்கள் என்று திருத்தவும்" என்று எழுதினார். இன்னொரு இடத்தில், "ஆறுதலாக வாருங்கள்" என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. "இங்கே யார் இறந்தார்கள், எதற்கு ஆறுதல்?" என்று அடுத்த குறிப்பு. இலங்கையில் ஆறுதலாக வருவதென்றால் அவசரப்படாமல் வருவது. கேட்டவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். பதிலுக்கு யாழ்ப்பாணத்தவர், மதுரைக்காரரின் கதையில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக வட்டமிடத் தொடங்கினார். மூன்று நாள் இது நடந்தது.

இப்படி நடந்தால் சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். குறிப்பின் வடிவத்தை மாற்றச் சொல்லுங்கள். "தவறு, திருத்தவும்" என்பதற்குப் பதில் "இந்தச் சொல் எனக்குப் பழக்கமில்லை, சூழலை வைத்து இன்ன பொருள் என்று எடுத்துக்கொண்டேன்" என்று எழுதினால் போதும். எடுத்துக்கொண்ட பொருள் சரியாக இருந்தால் எழுதியவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. தவறாக இருந்தால் என்ன செய்வதென்று அவர் முடிவு செய்வார். சொல்லை மாற்றாமல், பக்கத்தில் ஒரு செயலைச் சேர்த்தாலே பொருள் விளங்கிவிடும். அந்தக் கதையில் அப்படித்தான் ஆனது. "ஆறுதலாக வாருங்கள், நான் கடையைப் பூட்ட இன்னும் நேரமிருக்கிறது" என்று நீட்டினார். சொல் அப்படியே நின்றது, மதுரைக்காரருக்கும் விளங்கியது.

தனிப்பட்ட முறையில், தமிழ்நாட்டு வாசகர்கள்தான் இதில் கூடுதலாக வளைந்துகொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் வழக்கைப் பத்திரிகையும் சினிமாவும் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டன. எதிர்ப்பக்கத்திலிருந்து நமக்கு வந்தது குறைவு.

அறிகுறி: எழுதியவர் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் சொல்கிறார்

"நீங்கள் கவனிக்கவில்லை, முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்." "அது உண்மையில் நடந்தது." "என் நோக்கம் அதுவல்ல." ஓரம் முழுக்க வழக்காடு மன்றம் ஆகிவிடும். பின்னூட்டம் கொடுத்தவர் அடுத்த வாரம் "அருமை"க்குத் திரும்பிவிடுவார், அவரைக் குறைசொல்ல முடியாது.

எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது அமெரிக்கப் பயிலரங்குகளில் பரவிய பழைய ஏற்பாடு. 1936இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பயிலரங்கின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஜூமில் இதைச் செய்வது எளிது, ஒலிவாங்கியை அணைத்துவிட்டால் ஆயிற்று. நானும் ஓராண்டு அப்படித்தான் நடத்தினேன். வாதம் நின்றது. ஆனால் ஒருவர் தவறாகப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் அதன்மேலேயே பேசும்போது, எழுதியவர் சின்னக் கட்டத்துக்குள் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இப்போது நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990வாக்கில் வகுத்த நான்கு படி முறையைச் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறேன். முதலில் வாசகர்கள் தங்கள் மனதில் தங்கியதைச் சொல்வார்கள். பிறகு எழுதியவர் கேள்வி கேட்பார். பிறகு வாசகர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக்கூடாது. "ஏன் இவ்வளவு நீளமாக எழுதினீர்கள்?" என்பது கேள்வி வேடம் போட்ட கருத்து, "இந்தக் காட்சிக்கு எவ்வளவு இடம் தேவை என்று நினைத்தீர்கள்?" என்பது கேள்வி. கடைசியில், "முடிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு கருத்து. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு. நம் ஆட்கள் அனுமதி கேட்பதை முதலில் நாடகம் என்று சிரித்தார்கள். அடுத்த வீட்டு விஷயத்தைக்கூடக் கேட்காமல் கருத்துச் சொல்லும் ஊர் அல்லவா நம்முடையது. மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றது.

நம் மரபில் அரங்கேற்றம் இருந்ததே, அங்கே ஆசிரியர் விடை சொல்லித்தானே நூலை நிறுத்தினார் என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். தொல்காப்பியமே பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெரிவித்து அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. ஆனால் அங்கே போனது முடிந்த நூல், இங்கே வருவது முதல் படி. முதல் படிக்கு வாதாடி வென்றால் இழப்பு எழுதியவருக்குத்தான், அந்த இடம் இடறியது இடறியபடியே அச்சுக்குப் போகும்.

அறிகுறி: பின்னூட்டம் வந்ததிலிருந்து ஒருவர் வகுப்புக்கே வரவில்லை

முதலில் என்ன எழுதப்பட்டது என்று பாருங்கள். பல முறை குறிப்பு கடுமையாகவே இருக்காது. "இந்தப் பத்தி தேவையா?" என்ற மூன்று சொல்தான். நேரில் சொன்னால் குரலில் தயக்கமும் முகத்தில் சிரிப்பும் சேர்ந்திருக்கும். எழுத்தில் அவை உதிர்ந்து மூன்று சொல் மட்டும் நள்ளிரவில் போய் விழுகிறது. அந்தப் பத்தியில் இருந்தது அவருடைய இறந்துபோன தங்கை என்பது குறிப்பு எழுதியவருக்குத் தெரியாது.

பொதுக்குழுவில் "எங்கே காணோம்?" என்று கேட்டு அவரை மேலும் கூசவைக்காதீர்கள். குறிப்பு எழுதியவரையே ஒரு குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள், அதிகம் போனால் இரண்டு நிமிடம். மன்னிப்பு அவசியமில்லை. அந்தப் பத்தியைப் படித்தபோது என்ன நேர்ந்தது என்று சொன்னால் போதும். "அக்கா, அதுவரை கதைக்குள் இருந்தேன், அந்த இடத்தில் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது" என்று குரலில் கேட்டால் அதே செய்தி வேறாக இறங்கும். உங்கள் வகுப்பில் சொந்த வாழ்க்கையை எழுதுபவர்கள் இருந்தால், முதல் பக்கத்தின் மேலேயே "இது உண்மை, பத்தி அமைப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள்" என்று எழுதி வைக்க அவர்களுக்கு உரிமை கொடுங்கள்.

குறிப்பு உண்மையிலேயே கேவலமாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம். அதை எழுதியவனை அழைத்துத் தனியாகப் பேசி, குறிப்பை நீங்களே நீக்குங்கள். இரண்டாம் முறை நடந்தால் வகுப்பில் இடமில்லை.

அறிகுறி: ஒருவர் வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் அதுதான் சிறந்த இடம் என்கிறார்

இதைக் கோளாறு என்று நினைத்துப் பதறுகிறார்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. தீர்வுகளைத் தள்ளிவிட்டு இடத்தை மட்டும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். வெட்டச் சொன்னவருக்கு அதற்கு முன் இருந்த பத்தி சலித்திருக்கலாம். மூன்றாவது ஒருவரிடம், எதுவும் சொல்லாமல், அந்தப் பக்கத்தை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்வது நல்ல சோதனை.

அறிகுறி: எல்லோரும் படைப்பை ஏற்றுகிறார்கள், யாரும் பின்னூட்டம் எழுதுவதில்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். "ஞாயிறு இரவுக்குள்" என்று அறிவித்தால் சிங்கப்பூருக்கு அது இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னதாகவே முடிகிறது. டொரண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் பத்தரை ஆகிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் எங்கள் வகுப்பில் இருவர் தாமதம், ஒவ்வோர் ஆண்டும் நான் அதை மறந்து கடிந்துகொள்வேன். நாளும் மணியும் இந்திய நேரத்தில் ஒன்று, அவரவர் ஊர் நேரத்தில் ஒன்று என்று எழுதிப் போடுங்கள்.

கடிகாரம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் "யாராவது படியுங்கள்" என்று விட்டிருப்பீர்கள். ஊருக்குப் பொதுவான ஆட்டை யாரும் மேய்க்க மாட்டார்கள். இன்னாருக்கு இன்னார் என்று பெயர் போட்டுவிடுங்கள். வட்டமாகப் போட்டால் நல்லது, நான் உங்களுடையதைப் படிக்கிறேன், நீங்கள் இன்னொருவருடையதை. இருவருக்குள் மாறி மாறிக் கொடுத்தால் மூன்றாம் வாரம் இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டிருப்பார்கள்.

கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக நடத்துபவர்களுக்கு மூடுல் (Moodle) என்ற இணைய வகுப்பு மென்பொருளில் வொர்க்‌ஷாப் என்ற ஏற்பாடு இருக்கிறது. படைப்பை ஆட்களுக்குப் பிரித்துக்கொடுப்பதை அதுவே செய்துவிடும். எழுதியதற்கு ஒரு மதிப்பெண், மற்றவர் எழுத்தை மதிப்பிட்டதற்குத் தனியாக ஒரு மதிப்பெண். இயல்பாக எண்பதும் இருபதுமாக அமைந்திருக்கும், மாற்றிக்கொள்ளலாம். நான் ஆசிரியராக இருந்தால் அந்த இருபதை நாற்பதாக்குவேன்.

"படித்துச் சொல்வதில் எனக்கென்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்க வந்த 91 மாணவர்களை வைத்து லண்ட்ஸ்ட்ரம், பேக்கர் என்ற இருவர் செய்து 2009இல் வெளியிட்டது. ஒரு பிரிவு மாணவர்கள் பின்னூட்டம் கொடுக்க மட்டும் பழகினார்கள், மற்றவர்கள் வந்த பின்னூட்டத்தை வைத்துத் திருத்த மட்டும் பழகினார்கள். பருவ முடிவில் எழுத்தில் கூடுதலாக முன்னேறியது கொடுத்தவர்கள். அதிலும் மொழித்திறன் குறைந்த நிலையில் இருந்தவர்களிடம்தான் அது நன்றாகத் தெரிந்தது. இதைச் சொன்னதும் எல்லோரும் குதித்து எழுதிவிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் எழுதுகிறார்கள்.

அறிகுறி: பின்னூட்டம் நீளமாக, ஒழுங்காக, அடக்கமாக இருக்கிறது, படித்தால் ஒன்றும் ஒட்டவில்லை

"கதாபாத்திரங்களின் உணர்வுகளை மேலும் ஆழமாக வெளிப்படுத்தினால் படைப்பு மெருகேறும்." இந்த வரி எந்தக் கதைக்கும் பொருந்தும், இட்லி மாவுக்கும் பொருந்தும். சாட்ஜிபிடியிடம் கதையைக் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஒரு வாரம் இரண்டு வெவ்வேறு ஆட்களிடமிருந்து "மெருகேறும்" வந்தபோது எனக்கு உறைத்தது.

இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி யார்மேலும் குற்றம் சாட்டாதீர்கள், தமிழில் அவை சொல்வதை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. கேள்வியை மாற்றுங்கள். "எந்த வரியில் கைப்பேசியைக் கீழே வைத்தீர்கள்? கதையில் யாரைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்த யாரோ நினைவுக்கு வந்தார்?" போன்றவற்றுக்கு இயந்திரம் பதில் தயாரிக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜூமில் அதே பதிலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் தெரிந்துவிடும். எழுத நேரமில்லாதவருக்கு, ஒரு பக்கம் மட்டும் படித்து மூன்று குறிப்பு எழுத அனுமதி கொடுங்கள். பெரும்பாலும் நேரமின்மைதான் அவரை அங்கே கொண்டுபோயிருக்கும்.

அறிகுறி: எல்லாப் பின்னூட்டத்தையும் ஏற்றுத் திருத்தினேன், கதை செத்துவிட்டது

நல்ல மாணவருக்கு வரும் நோய். பதினெட்டுக் குறிப்பு வந்தது, பதினெட்டையும் நிறைவேற்றினார். மூன்று வாசகரும் திருப்தி, கதையில் மட்டும் உயிரில்லை.

பதிப்பு வரலாற்றிலிருந்து முதல் படியை வெளியே எடுங்கள். வந்த குறிப்புகளைத் தனியாக ஒரு தாளில் கையால் எழுதி மூன்று நாள் திறக்காமல் வையுங்கள். பிறகு தாளைப் பார்க்காமல், எவை நினைவில் நிற்கின்றன என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை நான்கோ ஐந்தோதான் நிற்கும். அவற்றில் ஒன்றாவது, முதலில் படித்தபோது உங்களுக்குக் கோபம் வரவைத்ததாக இருக்கும். அந்த ஒன்றிலிருந்து தொடங்கி, முதல் படியிலேயே திருத்துங்கள். மீதிப் பதிமூன்றைக் கொடுத்தவர்களுக்கு, படித்துவிட்டேன், நன்றி, இந்தக் கதைக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.